சௌந்தரம் போட்ட கைக்குட்டை

காலைப் பாசஞ்சரில் சௌந்தரம் இடம் பிடிக்கிற அழகை ஒரு தடவையாவது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் ஏறுவாள். பெண்கள் பெட்டியில் மூன்றாவது ஜன்னல் அவளுடையது. பக்கத்தில் கைப்பையை வைப்பாள், அது எனக்கான இடம். எதிரே ஜன்னலோரம் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையை விரிப்பாள், அது பொன்னிக்கு. நாங்கள் இரண்டு பேரும் கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்ட் டவுனில், ஏறுவோம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் யாராவது வந்து "ஆள் வருதா?" என்று கேட்டால் "வருது" என்பாள். அதற்கு மேல் கேட்டால் ஒரு பார்வை பார்ப்பாள். சிதம்பரம் தாலுகா ஆபீசில் இருபது வருடம் டைப் அடித்தவளின் பார்வை அது. கேட்டவர் அடுத்த பெட்டிக்கே போய்விடுவார்.

நேரில் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எழுதும்போது பெயர் சொல்லித்தான் எழுதப் போகிறேன். கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும், அவள் மீது எனக்கும் பாக்கிக் கோபம் இருக்கிறது.

என் பெயர் ரசியா. சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டுக்காரர் குவைத்தில். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர். பொன்னிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. குடிகாட்டுக் காலனிப் பெண். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். சுவேதா என்று ஒரு குழந்தை. மூன்று பேரும் ஒரே ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது சுனாமிக்கு முந்தின மாதம்.

காலையில் ஆலப்பாக்கம் தாண்டியதும் மூன்று டப்பாவும் திறக்கும். சௌந்தரத்தின் எள்ளுப்பொடி இட்லி எனக்கு, என் வீட்டு இடியாப்பம் பொன்னிக்கு, பொன்னியின் வேர்க்கடலைச் சட்னி எல்லோருக்கும். சாயங்காலம் திரும்பும்போது சௌந்தரம் சிதம்பரம் ஸ்டேஷன் வாசலில் இரண்டு கட்டுக் கீரை வாங்கி ஏறுவாள். மடியில் செய்தித்தாளை விரித்து மூன்று பேரும் ஆய்வோம். நான் கண்டபடி கிள்ளிப் போடுவேன். பொன்னி ஆய்ந்தால் ஒரு தண்டுகூட இருக்காது. வெள்ளாற்றுப் பாலம் வரும்போது ஒரு கட்டு முடிந்திருக்கும்.

"எங்க வீட்டுல போயி சொன்னேன், இது பொன்னி கீரைன்னு. அவரே தனியா கேக்கறாரு," என்பாள் சௌந்தரம். அவர் என்றால் அவள் வீட்டுக்காரர், செம்பியன்.

எனக்கும் பொன்னிக்கும் ஒரு தடவை பெரிய சண்டை வந்தது. தப்பு என் மேல்தான். "ஒனக்கென்னடி, கோட்டா இருக்கு. சீக்கிரமா கவர்மென்ட் வேல வந்துடும்," என்றேன். பொன்னி கீரையைக் கீழே வைத்தாள்.

"கோட்டா இருக்கறது தெரியுது. எங்க ஸ்கூல்ல டீச்சருங்க ரூம்ல எனக்குன்னு ஒரு சேரு தனியா ஓரமா போட்டுக் கெடக்குதே, அது தெரியுமா ரசியாக்கா? நான் லீவு போட்டாகூட அதுல வேற யாரும் ஒக்கார மாட்டாங்க."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் நானே கேட்டேன், "எந்தச் சேரு? எத்தினி நாளா?" அன்றைக்கு அவள் பேசினாள். நானும் பேசினேன், பாய் வீட்டுக்கு வீடு கொடுப்பதில்லை என்று புதுப்பாளையத்தில் எனக்குக் கதவு மூடின கதையை. இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம், அப்புறம் அந்தச் சேரை நினைத்துச் சிரித்தோம். அதற்குப் பிறகு பொன்னி என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

சௌந்தரத்துக்கு மட்டும் அந்தப் பேச்சு பிடிக்கவே பிடிக்காது. "ரயில்ல எதுக்குடி அதெல்லாம்? இங்க நாம மூணு பேரும் ஒண்ணு. எறங்கினா ஆயிரம் இருக்கும்," என்று பேச்சை மாற்றி பூ கட்ட ஆரம்பித்துவிடுவாள். கட்டிய பூவில் முதல் முழம் பொன்னி தலைக்குத்தான் போகும். பொன்னிக்குக் காய்ச்சல் என்றால் மூன்று நாள் ரசம் வைத்து எடுத்து வருவாள். அவள் அன்பை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை, இப்போதும் இல்லை. ஆனால் பொன்னி எந்தத் தெருவில் இருந்து வருகிறாள், அந்தத் தெருவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

2006 மழைக்காலத்தில் சுவேதாவுக்கு மூச்சிரைப்பு அதிகமானது. நான்கு வயதுப் பிள்ளை, உட்கார்ந்தபடியே தூங்கும். குடிகாட்டைச் சுற்றியிருக்கும் கெமிக்கல் கம்பெனிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, இடத்தை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொன்னி வீடு தேட ஆரம்பித்தாள். போன இடமெல்லாம் நன்றாகப் பேசுவார்கள், டீச்சரா என்று மரியாதை கொடுப்பார்கள், எந்த ஊர் என்று கேட்பார்கள், குடிகாட்டில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். அதற்கப்புறம் வீடு சொந்தக்காரரின் தங்கச்சிக்கு வேண்டியதாகிவிடும். கடலூரில் அத்தனை பேருக்குத் தங்கச்சி இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தச் சமயம் பார்த்து செம்மண்டலத்தில் சௌந்தரம் வீட்டு மாடிப் போர்ஷன் காலியானது. ரயிலில் ஏறியதும் ஏறாததுமாக அவள் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"பொன்னி, மாடி காலியாயிடுச்சுடி! ஞாயித்துக்கெழம பாப்பாவ இட்டுக்குனு வந்து பாரு. காத்து ஜாஸ்தி. இனிமே ஸ்டேஷனுக்கே சேந்து வரலாம்."

பொன்னி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதை விடாமல் புதுச்சத்திரம் வரை வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. பொன்னி பிள்ளைக்கு நல்ல கவுன் போட்டு, தலை சீவி, பூ வைத்து அழைத்துக்கொண்டு போயிருக்கிறாள். சௌந்தரம் கேட்டுக்கு வெளியிலேயே ஓடி வந்து நிறுத்தியிருக்கிறாள்.

"அவரு எந்த ஊருன்னு கேட்டாருன்னா குமராட்சின்னு சொல்லிடு, என்ன? எங்கம்மா ஊரு அது. எங்க ஆளுங்கதான்னு நான் சொல்லி வெச்சிருக்கேன். நீ ஒண்ணும் பேச வேணாம், எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

பொன்னி பிள்ளையைப் பார்த்தாளாம். "இவள ஸ்கூல்ல யாராச்சும் கேட்டா என்னக்கா சொல்லட்டும்?"

"அட, சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்? அதையே சொல்லச் சொல்லிப் பழக்கிடலாம்."

பொன்னி கேட்டைத் தொடவில்லை. "பாப்பாவுக்கு மூச்சு வாங்குதுக்கா, இன்னொரு நாளைக்கு வரேன்," என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். பஸ் நிறுத்தம் வரை பிள்ளை, "வீடு பாக்கலியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்ததாம்.

மறுநாள் ஓ.டி. ஸ்டேஷனில் பொன்னி என்னோடு நின்றாள். ரயில் வந்ததும் நான்கு பெட்டி தள்ளிப் போய் ஏறினாள். கைக்குட்டை விரித்த இடம் சிதம்பரம் வரை காலியாகவே வந்தது.

"நான் என்னா தப்புப் பண்ணேன் ரசியா? அவளுக்காக எங்க வீட்டுக்காரர் கிட்டயே பொய் சொன்னேனே," என்று சௌந்தரம் கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அவருகிட்ட நீ பொய் சொன்னா அது ஒன் பாடு. அந்தப் புள்ளைய எதுக்கு சொல்லச் சொன்ன? யாரு வீட்டுப் புள்ளன்னு அது மறந்தாதான் ஒன் மாடியில ஏறணுமா?" என்று கத்திவிட்டேன். பெட்டியில் எல்லோரும் பார்த்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று இட்லி டப்பா திறக்கவே இல்லை.

சௌந்தரம் பொன்னியிடம் நேரில் போய் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டாள். டிசம்பரில் அகலப்பாதை போடுவதற்காக ரயிலையே நிறுத்திவிட்டார்கள். கடைசி நாள் எஞ்சினுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். பிளாட்பாரக் கும்பலில் பொன்னி நிற்பதை சௌந்தரம் பார்த்தாள். இறங்கி நடந்தாள். பாதி தூரம் போனவள் திரும்பி வந்துவிட்டாள்.

"என்ன சொல்றதுன்னு தெரியல ரசியா," என்றாள்.

எங்கள் தெரு மட்டும் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓ.டி.யில் பொன்னிக்கு வீடு கேட்டு நான் முதலில் போனது என் சொந்தக்கார வீட்டுக்கு. உள்ளதைச் சொன்னேன். "வேற எடம் பாரு புள்ள," என்று முடித்துவிட்டார்கள். இரண்டாவது என் சின்னம்மா வீடு. மூன்று நாள் போய் உட்கார்ந்து பேசினேன். அந்தச் சேரைப் பற்றிச் சொன்னேன். பொன்னி என்னோடு சண்டை போட்டிருக்காவிட்டால் எனக்கு இது எதுவும் சொல்லத் தெரிந்திருக்காது. சின்னம்மா கடைசியில் பின்கட்டைத் திறந்துவிட்டாள். கடல் காற்றில் சுவேதாவுக்கு மூச்சிரைப்பு மெல்லக் குறைந்தது.

ரயில் இல்லாத மூன்று வருடமும் சௌந்தரமும் நானும் பஸ்ஸில் போனோம். பொன்னி அதற்கு முந்தின பஸ்ஸிலேயே போய்விடுவாள். பஸ்ஸில் டப்பா திறக்க முடியாது, கீரை ஆய முடியாது, நின்றுகொண்டே போகிற நாள்தான் அதிகம். கம்பியைப் பிடித்தபடி அவள் தினமும் ஒரு கேள்வி கேட்பாள். "அவ எப்பிடி இருக்கா?" பெயர் சொல்ல மாட்டாள். நானும் நன்றாக இருக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். சில நாள் பாவமாக இருந்தால் கூடக் கொஞ்சம் சொல்வேன். பாப்பா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். பொன்னிக்குக் கண்ணாடி வந்துவிட்டது. அன்றைக்கெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

2009இல் பொன்னிக்கு அரசு வேலை கிடைத்தது. போட்ட ஊர் குமராட்சி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பொன்னியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. சிதம்பரத்தில் வீடு எடுத்துக்கொண்டு மினிபஸ்ஸில் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். சௌந்தரத்திடம் ஊர் பெயரைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போனாள், அது அவள் இறங்கும் இடமே இல்லை.

2010 கோடையில் ரயில் திரும்பி வந்தது. பெட்டி பெரிசு, ஜன்னல் பெரிசு. முதல் நாள் ஓ.டி.யில் நான் ஏறிப் பார்த்தால் மூன்றாவது ஜன்னலில் சௌந்தரம். பக்கத்தில் கைப்பை. எதிரே நீலக் கட்டம் போட்ட அதே கைக்குட்டை, வெளுத்துப் போய்.

"யாருக்குக்கா இது?" என்றேன், தெரிந்துகொண்டே.

"சும்மா இரு," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. யாராவது வந்து ஆள் வருதா என்று கேட்டால் "வருது" என்பாள். ஆலப்பாக்கம் தாண்டின பிறகு எங்கிருந்து ஆள் வரும்? நின்றுகொண்டு வரும் பெண்கள் முறைப்பார்கள். எனக்குத்தான் மானம் போகும். "அவ சிதம்பரத்துலயே இருக்கா. ஒன் ரயிலு அவளுக்கு எதுக்கு?" என்று கேட்டால் கைக்குட்டையின் சுருக்கத்தை நீவிவிடுவாள். பரங்கிப்பேட்டை நெருங்கும்போது எடுத்து மடித்து வைத்துக்கொள்வாள். அந்த இடத்தில் பொன்னி உட்கார்ந்து ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துத் தூங்குவாளே, அது இல்லாமல் எனக்கும்தான் அந்த ரயில் பிடிக்கவில்லை. நான் கேலி செய்து ஆற்றிக்கொண்டேன், அவள் கைக்குட்டை போட்டு ஆற்றிக்கொண்டாள்.

2011 கடைசியில் அடித்த தானே புயலில் சௌந்தரம் வீட்டு மாடியில் கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு போனது. மாடியில் இருந்தவர்கள் காலி செய்தார்கள். பழுது பார்த்து முடிந்த அன்று அவள் செம்பியனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குச் சொன்ன பொய், பொன்னியின் ஊர், தெரு, பிள்ளை, கேட்டுக்கு வெளியே நின்றது எல்லாம். மூன்று நாள் அவர் பேசவில்லையாம். நான்காம் நாள், "எனக்கு ஒண்ணுமில்ல, தெருதான் பேசும்," என்றாராம்.

"பேசட்டும். பதில் சொல்ல நான் இருக்கேன்," என்றாளாம் இவள். ஐந்து வருடம் கழித்து!

2012 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு சிதம்பரம் போனாள். பொன்னி கதவைத் திறந்தாள். பார்த்ததும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "வாங்கக்கா," என்று நாற்காலி போட்டு டீ கொண்டுவந்தாள். சுவேதா பத்து வயதுப் பெண்ணாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சௌந்தரம் தம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"பொன்னி, மாடி காலியா இருக்கு. அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒன் ஊரு, ஒன் தெரு, எதையும் மறைக்கல. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. வந்துடு பொன்னி."

பொன்னி தலையைத் தூக்காமல் டீத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"எனக்கு வீடு இருக்குக்கா. வேல இங்க. நான் எப்பிடி வர்றது?"

சௌந்தரத்தின் முகம் விழுந்துவிட்டது. ஐந்து வருடமாக அவள் மனத்துக்குள் குடி வைத்திருந்தது பொன்னியை மட்டும்தான். மாடியில் பொன்னி, ஸ்டேஷனுக்குச் சேர்ந்து நடப்பது, மடியில் கீரை. அதுவரைதான் நினைத்திருந்தாள்.

"எந்தம்பி எழிலன் இருக்கான்," என்றாள் பொன்னி. "அவன் பொண்டாட்டி பிரிசில்லா, கடலூர்ல நர்ஸு. நாலு மாசமா வீடு தேடறாங்க. அதே கததான். அவுங்களுக்குக் குடுப்பீங்களா?"

நான் சௌந்தரத்தையே பார்த்தேன். பிரிசில்லாவை அவளுக்குத் தெரியாது. அந்தப் பெண்ணோடு இட்லி பிட்டுத் தின்றதில்லை, அவள் தலையில் பூ வைத்ததில்லை. பொன்னிக்காகத் தெருவோடு சண்டை போடத் தயாரானவள், முகம் தெரியாத ஒருத்திக்காகப் போடுவாளா? வேண்டாம் என்றால் எழுந்து தனியாக ரயிலேறி விடுவது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

தம்ளரைக் கீழே வைத்தாள். "வரச் சொல்லு," என்றாள்.

"ஒங்க வீட்டுக்காரரு எந்த ஊருன்னு கேட்டா அவுங்க என்னான்னு சொல்லட்டும்?"

"உள்ளதச் சொல்லச் சொல்லு."

பொன்னி முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். திரும்பி வருகிற வழியெல்லாம் சௌந்தரம் அழுதுகொண்டு வந்தாள்.

பிரிசில்லா குடி வந்தாள். மாதம் ஒரு ஞாயிறு பொன்னி தம்பி வீட்டுக்கு வருவாள். கேட்டைத் திறந்து, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெளிப்படியில் ஏறிப் போய்விடுவாள். சௌந்தரம் கீழே உட்கார்ந்து மேலே கேட்கிற பேச்சையும் சிரிப்பையும் கேட்டுக்கொண்டிருப்பாள். "நடக்கறதுல தெரியுது ரசியா, எது அவ காலடின்னு," என்று என்னிடம் சொல்வாள். கேட்க முடியாமல் நான் டப்பாவைத் திறந்து ஏதாவது தின்னக் கொடுப்பேன்.

சித்திரையில் ஒரு ஞாயிறு. சௌந்தரம் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். கேட்டருகில் சுவேதா விளையாடிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுத் தில்லையம்மாள் வந்து நின்று, "எந்த ஊரு பாப்பா நீ?" என்று கேட்டிருக்கிறாள்.

"எங்கம்மா ஊரு குடிகாடு. அங்க காலனியில எங்க தாத்தா வீடு இருக்கு. மேல இருக்கறது எங்க மாமா," என்று பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி தெளிவாகச் சொன்னதாம்.

தில்லையம்மாள் இவள் பக்கம் திரும்பினாள். "என்னா சௌந்தரம்? ஒங்க ஆளுங்களுக்குக் குடுத்திருக்கன்னுல்ல நெனச்சேன்?"

"இல்லக்கா. பாப்பா சொல்றதுதான் சரி. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

தில்லையம்மாள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதாம். சௌந்தரம் தலையைத் திருப்பினால் படியின் நடுவில் பொன்னி நிற்கிறாள். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் தெரியாது. இறங்கி வந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை. முறத்திலிருந்து பாதிக் கீரையை அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டு மேலே போனாள். அரைமணி நேரத்தில் ஒரு கிண்ணத்தில் ஆய்ந்த கீரை சுவேதா கையில் கீழே வந்தது.

"ஒரு தண்டு இல்ல ரசியா," என்றாள் சௌந்தரம், திங்கட்கிழமை ரயிலில். "தேடிப் பாத்தேன். ஒண்ணுகூட இல்ல."

ரயில் ஓ.டி.யை விட்டுக் கிளம்பியது. எதிரே கைக்குட்டை இருந்தது. பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து தயங்கி நின்றாள்.

"இங்க ஆள் வருதாம்மா?"

சௌந்தரம் கைக்குட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதை எடுத்து மடித்தாள்.

"வரமாட்டா. நீ ஒக்காரும்மா," என்றாள்.